அத்தியாயம் 7: கண்ணுக்குத் தெரியுது, கைக்குக் கிடைக்கல – லைப்ரரி தேடும் பாதைகள்

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில், இரும்பு ஏணியேறிப் போகும் மேல்மாடி அறையில் ஞாயிறு பிற்பகல்களில் வகுப்பு எடுக்கிறேன். லேமிங்டன் ரோட்டில் பேரம் பேசி வாங்கிய பழைய கணினிகள் ஆறு. எல்லாவற்றிலும் உபுண்டு. போன மழைக்காலத்தில் ஒரு பையன் தன் தாத்தாவிடமிருந்த பழைய தமிழ் மன்ற ஆண்டு மலர் ஒன்றை ஸ்கேன் செய்து கொண்டுவந்தான். படமாக இருக்கும் பக்கங்களை எழுத்தாக மாற்ற டெஸராக்ட் வேண்டும். ஏபிடி தரும் டெஸராக்ட்டே போதும். ஆனால் கடைசிப் பதிப்புதான் வேண்டும், மூல நிரலிலிருந்து நானே கட்டுவேன் என்று நின்றான். நல்ல பிடிவாதம், விட்டுவிட்டேன்.

முதலில் லெப்டானிகா. படங்களைக் கையாளும் இந்த லைப்ரரி இல்லாமல் டெஸராக்ட் நடக்காது. அதைக் கம்பைல் செய்து நிறுவினான். அடுத்து டெஸராக்ட். விசிறி இரைய இரைய முக்கால் மணி நேரம் ஓடி, ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. பெருமையோடு ஓட்டிப் பார்த்தான். ஷேர்ட் லைப்ரரிகளை ஏற்றும்போது பிழை, லிப்லெப்டானிகா.எஸ்ஓ.6 என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை என்று திரை சொன்னது.

"இருக்குண்ணே. எல்எஸ் போட்டா வருது. நான் கண்ணால பாக்கேன், இது இல்லங்குது."

அவன் சொன்னதும் சரி, கணினி சொன்னதும் சரி. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதுதான் இந்த அத்தியாயம். வகுப்பில் கட்டளைகளை வாயால் எப்படிச் சொல்வேனோ அப்படியே இங்கும் எழுதியிருக்கிறேன்: மைனஸ் பெரிய எல், மைனஸ் சின்ன எல் என்று. விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

தேடுவது இரண்டு பேர்

சி நிரலை எழுதி ஜிசிசியிடம் கொடுத்தால், கடைசிக் கட்டத்தில் லிங்கர் வேலைக்கு வரும். அதன் பெயர் எல்டி. நீங்கள் அழைத்திருக்கும், ஆனால் நீங்கள் எழுதாத ஃபங்ஷன்கள் எந்த லைப்ரரியில் இருக்கின்றன என்று அது தேடும். ஷேர்ட் லைப்ரரியில் கிடைத்துவிட்டால் அதன் சரக்கை உங்கள் நிரலுக்குள் எடுத்து வைக்காது. "இந்த நிரலுக்கு லிப்லெப்டானிகா.எஸ்ஓ.6 தேவை" என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போய்விடும். தான் அதை எந்த டைரக்டரியில் பார்த்தது என்பதை, நீங்கள் கேட்டாலொழிய, எழுதாது.

பிறகு நிரலை ஓட்டும்போது வருபவர் வேறு ஆள். அவர் லோடர், எல்டி.எஸ்ஓ. அந்த வரியைப் படித்து, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, தன் வழியில் முதலிலிருந்து தேடுவார். லிங்கருக்குத் தெரிந்த இடங்கள் இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கம்பைல் சுத்தமாக முடிந்தது என்றால் முதல் ஆள் கண்டுபிடித்துவிட்டார், அவ்வளவுதான். இரண்டாம் ஆளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இந்தப் பாடத்தில் பாதி முடிந்தது.

ஊரிலிருந்து வரும் மாமாவிடம் "தாதர்ல இறங்கி அடுத்த ஸ்டேஷன், மாட்டுங்கா" என்று சொல்லி அனுப்பினால் என்ன ஆகும் என்று மும்பைத் தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மத்திய ரயிலில் ஏறினால் அடுத்து வருவது மாட்டுங்கா, மேற்கு ரயிலில் ஏறினால் மாட்டுங்கா ரோடு. ஹார்பர் வழியில் வருபவருக்கு மாட்டுங்கா என்றால் கிங்ஸ் சர்க்கிள். நீங்கள் சொன்ன பெயரில் தவறில்லை. அவர் எந்தத் தண்டவாளத்தில் ஏறினார் என்பதுதான் கேள்வி.

யார் பேசுகிறார் என்று பாருங்கள்

பிழைச் செய்தியை முழுதாகப் படிக்காமல் கூகிளில் ஒட்டுவது என் மாணவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி. படித்தால் பாதி விடை அதிலேயே இருக்கும்.

செய்தி எல்டி என்று தொடங்கி, "கேனாட் ஃபைண்ட்" என்று சொல்லி, பின்னால் மைனஸ் சின்ன எல்லோடு ஒரு பெயர் வந்தால், பேசுவது லிங்கர். நிரல் இன்னும் பிறக்கவே இல்லை. "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்று வந்தாலும் லிங்கர்தான், ஆனால் அதன் குறை வேறு: சொன்ன லைப்ரரிகளை எல்லாம் பார்த்துவிட்டேன், இந்த ஃபங்ஷன் அவற்றில் இல்லை, அல்லது நீ லைப்ரரியின் பெயரையே சொல்லவில்லை. இதற்குப் பாதையை மாற்றி மாற்றி உட்கார்ந்திருப்பது வீண் வேலை.

"எரர் வைல் லோடிங் ஷேர்ட் லைப்ரரீஸ்" என்று வந்தால் பேசுவது லோடர். நம் பையனுக்கு வந்தது இது. இனி மறுபடி கம்பைல் செய்யாமலே சரிசெய்ய வாய்ப்புண்டு. "சிம்பல் லுக்கப் எரர்" என்றோ, குறிப்பிட்ட வெர்ஷன் கிடைக்கவில்லை என்றோ வந்தால் நிலைமை கொஞ்சம் மோசம். லோடர் ஒரு கோப்பைக் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் தவறானதை. மாமா மாட்டுங்கா ரோட்டில் இறங்கி நின்றுகொண்டு போன் செய்கிறார்.

லிங்கர் தேடும் வழி

மைனஸ் பெரிய எல் போட்டு ஒரு டைரக்டரியைச் சொன்னால் லிங்கர் அங்கே முதலில் பார்க்கும். பல டைரக்டரிகளைச் சொன்னால், சொன்ன வரிசையிலேயே பார்க்கும். அதன் பிறகுதான் தனக்கு இயல்பாகத் தெரிந்த இடங்கள். மைனஸ் சின்ன எல்லோடு "லெப்டானிகா" என்று சொன்னால் அது தேடும் கோப்பின் பெயர் லிப்லெப்டானிகா.எஸ்ஓ. அது இல்லையென்றால் அதே டைரக்டரியில் லிப்லெப்டானிகா.ஏ. முன்னால் வரும் "லிப்" என்பதைத் தானே சேர்த்துக்கொள்ளும். நீங்களும் சேர்த்து எழுதினால் "லிப்லிப்" என்று தேடிவிட்டு இல்லை என்று கைவிரிக்கும். வகுப்பில் வாரம் ஒருவராவது இதைச் செய்கிறார்கள்.

மைனஸ் பெரிய எல்லை எங்கே எழுதினாலும் சரி, வரியில் உள்ள எல்லா லைப்ரரிகளுக்கும் அது செல்லும். சின்ன எல் அப்படியில்லை. லிங்கர் இடமிருந்து வலமாகப் படித்துப் போகிறது. ".ஏ" என்று முடியும் ஸ்டாட்டிக் லைப்ரரியைச் சந்திக்கும்போது, அதுவரை தேவைப்பட்டவற்றை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும், திரும்பி வராது. ஆகவே கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால்: உங்கள் நிரல், அடுத்து டெஸராக்ட், அதற்கும் அடுத்து லெப்டானிகா. உபுண்டு 11.10 முதல் தேவைப்பட்டதை மட்டும் இணைக்கும் ஏற்பாடு இயல்பாகவே இயங்குவதால், ஷேர்ட் லைப்ரரிகளிலும் இந்த வரிசை தவறினால் அதே அடி விழும்.

லிங்கர் உண்மையில் எந்தக் கோப்பை எடுத்தது என்று தெரிய வேண்டுமா? ஜிசிசியிடம் மைனஸ் டபிள்யூஎல், காற்புள்ளி, மைனஸ் டி (ட்ரேஸ் என்பதன் முதல் எழுத்து) என்று சேர்த்துக் கொடுங்கள். அது திறந்த ஒவ்வொரு கோப்பையும் முழுப் பாதையோடு ஒப்பிக்கும். இந்த ஒரு வரி பல மணி நேர ஊகத்தை மிச்சப்படுத்தும்.

இத்தனையையும் கையால் எழுதுவதைவிட பிகேஜி-கான்ஃபிக் மேல். பல லைப்ரரிகள் நிறுவப்படும்போது ".பிசி" என்று முடியும் சின்னக் குறிப்புக் கோப்பு ஒன்றை வைத்துவிட்டுப் போகும். எந்த டைரக்டரி, எந்தப் பெயர் என்பதெல்லாம் அதில் இருக்கும். வழக்கமில்லாத இடத்தில் நிறுவினால் அந்த இடத்தை பிகேஜி_கான்ஃபிக்_பாத் என்ற மாறியில் சொல்லிவிடுங்கள்.

ஒரு லைப்ரரிக்கு மூன்று பெயர்

வீட்டில் கூப்பிடும் பெயர், ரேஷன் கார்டில் உள்ள பெயர், பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் என்று நம்மில் பலருக்கு மூன்று பெயர் இருப்பதுபோல் ஷேர்ட் லைப்ரரிக்கும் உண்டு. லிப்லெப்டானிகா.எஸ்ஓ.6-க்குப் பின்னால் இன்னும் இரண்டு எண்களோடு இருப்பது உண்மையான கோப்பு. லிப்லெப்டானிகா.எஸ்ஓ.6 என்பது எஸ்ஓநேம், அதாவது லைப்ரரி தன் பெயராகத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருப்பது. எண்ணே இல்லாத லிப்லெப்டானிகா.எஸ்ஓ லிங்கருக்கு மட்டும். பின்னவை இரண்டும் பெரும்பாலும் முதலாவதைச் சுட்டும் சிம்லிங்க்குகள்.

லிங்கர் எண்ணில்லாத பெயரைத் தேடும், கோப்பைத் திறந்து எஸ்ஓநேமைப் படிக்கும், அதை உங்கள் நிரலில் எழுதும். லோடர் எஸ்ஓநேமைத் தேடும். "ஓடுற புரோகிராம் எல்லாம் நல்லா ஓடுது, நான் கம்பைல் பண்ணா மட்டும் லைப்ரரி இல்லங்குது" என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. எண்ணில்லாத சிம்லிங்க்கும் ஹெடர் கோப்புகளும் பெயர் "-டெவ்" என்று முடியும் பொதியில் தனியாக வரும். அதை நிறுவவில்லை.

லெப்டானிகாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1.83 பதிப்பில் லைப்ரரியின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அதற்கு முன் அது லிப்லெப்ட், எஸ்ஓநேமில் எண் 5. உபுண்டு 24.04 தருவது இன்னும் அந்தப் பழைய லிப்லெப்ட்தான். பழைய குறிப்புகளைப் பார்த்து மைனஸ் சின்ன எல்லோடு "லெப்ட்" என்று எழுதிக்கொண்டிருப்பவர்கள் கவனியுங்கள்.

லோடர் தேடும் வழி

இந்த வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். முதலில் நிரலுக்குள் எழுதப்பட்ட ஆர்பாத், ஆனால் அங்கே ரன்பாத் இருந்தால் ஆர்பாத்தைப் பொருட்படுத்தாது. அடுத்து எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறி. அடுத்து நிரலுக்குள் எழுதப்பட்ட ரன்பாத். அடுத்து /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற கோப்பு. கடைசியாக /லிப், /யூஎஸ்ஆர்/லிப் ஆகிய டைரக்டரிகளும் அவற்றின் 64 பிட் வடிவங்களும். முதலில் பொருந்துவது எதுவோ அதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். இதைவிட நல்லது பின்னால் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அதற்கு இல்லை.

நான்காவதாகச் சொன்ன கேஷில்தான் நம் பையன் மாட்டினான். லோடர் ஒவ்வொரு முறையும் டைரக்டரிகளை அலசுவதில்லை. எல்டிகான்ஃபிக் என்ற கட்டளை, /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப் சொல்லும் டைரக்டரிகளை ஒருமுறை சுற்றி வந்து, எந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு வைக்கும். இந்தப் படியில் லோடர் அந்தப் பட்டியலை மட்டும் பார்க்கும். உபுண்டுவில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் அந்த டைரக்டரிகளில் ஒன்று. ஆனால் இவன் லெப்டானிகாவை நிறுவியபின் பட்டியலைப் புதுப்பிக்கவில்லை. கோப்பு வட்டில் இருக்கிறது, எல்எஸ்ஸுக்குத் தெரிகிறது. பட்டியலில் இல்லை, லோடருக்குத் தெரியவில்லை. சுடோ எல்டிகான்ஃபிக், ஒரு வரி. டெஸராக்ட் ஓடியது.

ஃபெடோரா, ராக்கி போன்ற ரெட்ஹாட் வழி வந்தவற்றில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் பட்டியலுக்கான இடங்களில் ஒன்றாகவே இருப்பதில்லை. அங்கே /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி என்ற டைரக்டரிக்குள் ஒரு கோப்பு உண்டாக்கி, அதில் பாதையை ஒரு வரியாக எழுதிவிட்டு, பிறகு எல்டிகான்ஃபிக் ஓட்ட வேண்டும்.

பையன் கைதட்டினான். நான் தட்டவில்லை, ஏனென்றால் அந்தக் கணினியில் ஏபிடி நிறுவிய டெஸராக்ட் ஒன்றும் ஏற்கெனவே இருந்தது. அதற்கும் ஒரு லிப்டெஸராக்ட்.எஸ்ஓ.5, இவன் கட்டியதற்கும் ஒரு லிப்டெஸராக்ட்.எஸ்ஓ.5. உபுண்டுவில் வழக்கமாக /யூஎஸ்ஆர்/லோக்கல் முந்திக்கொள்ளும். அவன் ஒரு வரி அடித்ததும், ஏபிடி வழியாக வந்து டெஸராக்ட்டை நம்பியிருக்கும் மற்ற நிரல்களும் இவன் கட்டியதற்கு மாறிவிட்டன. ஒன்றும் கெடவில்லை, இந்த முறை. எல்டிகான்ஃபிக் மைனஸ் பி என்று அடித்தால் பட்டியல் முழுதும் வரும். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் அங்கே நின்று யோசியுங்கள்.

ஜுகாட்

இணையத்தில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் சொல்வது எல்டி_லைப்ரரி_பாத்தை எக்ஸ்போர்ட் செய் என்பதுதான். வேலை நடக்கும். மும்பையில் நாம் ஜுகாட் என்று சொல்வோமே, அது இதுதான்: அந்த நேரத்துக்குக் குழாயைச் சணலால் கட்டுவது. சன் நிறுவனம் 1988-இல் வெளியிட்ட சன்ஓஎஸ் 4-லேயே இந்த மாறி உண்டு. இன்றும் சோதனைக்கு நல்ல கருவி. கட்டளைக்கு முன்னால் ஒட்டி எழுதினால் அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் செல்லும், அதோடு மறைந்துவிடும். அப்படிப் பயன்படுத்துங்கள், தடையில்லை.

அதை எடுத்துப்போய் பேஷ்ஆர்சியில் எழுதி வைப்பதுதான் தவறு. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒருவர் தன் மென்பொருளுக்காக இந்த மாறியை எல்லோருடைய லாகின் ஸ்கிரிப்டிலும் வைத்துவிட்டார். அந்த டைரக்டரியில் அவருடைய லைப்ரரியோடு பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் ஒன்றும் கிடந்தது. அந்த லாகினில் ஓடும் ஏறக்குறைய ஒவ்வொரு நிரலுக்கும் லோடர் இந்த மாறியைப் படிக்குமே! கர்ல் ஓடவில்லை, கிட் ஓடவில்லை, பைதான் பாதி ஓடியது. நெட்வொர்க் கோளாறு என்று இரண்டு நாள் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் யாரோ, லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று காட்டும் எல்டிடியைப் போட்டுப் பார்த்தார்கள். அன்று மாலை செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே டீ குடித்தபோதும் எனக்குக் கோபம் தணியவில்லை.

இன்னொரு பொறி இதைவிடச் சின்னது, இதைவிட ஆபத்தானது. பழைய மதிப்பு, முக்காற்புள்ளி, புதிய பாதை என்று எழுதுவது வழக்கம். பழைய மதிப்பு காலியாக இருந்தால் வரி முக்காற்புள்ளியில் தொடங்கும். அந்த வெற்றிடத்துக்கு லோடர் கொடுக்கும் பொருள் "இப்போது நிற்கும் டைரக்டரி". நீங்கள் டவுன்லோட்ஸ் டைரக்டரியில் நின்றுகொண்டு ஒரு நிரலை ஓட்டினால், அங்கே யாரோ போட்டுவைத்த அதே பெயருள்ள லைப்ரரி உள்ளே ஏறிவிடும். சுடோவைப் போன்ற செட்யூஐடி நிரல்களுக்கு லோடர் இந்த மாறியைக் கண்டுகொள்வதே இல்லை. காரணம் இந்த மாதிரி விளையாட்டுகள்தான்.

ரூட் அதிகாரம் கிடைக்காத இடங்களில் இந்த மாறிக்கு நியாயமான வாழ்வு உண்டு. செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 1990-கள் தொடங்கி அனுபம் என்ற இணைக் கணினிகளைக் கட்டியது. அவற்றைப் போன்ற பெரிய கூட்டுக் கணினிகளில் பொதுவாகப் பயனர் தன் ஹோம் டைரக்டரிக்குள்தான் எதையும் நிறுவ முடியும். அங்கே மாட்யூல் லோட் என்று அடிக்கும்போது பின்னால் நடப்பது பெரும்பாலும் இந்த மாறியைத் திருத்துவதுதான். ஆனால் அதைத் திருத்துவதும் திரும்பப் பெறுவதும் ஒரு முறைப்படி நடக்கிறது, யாரோ ஒருவருடைய லாகின் ஸ்கிரிப்டில் அல்ல.

மூடியில் எழுதிய விலாசம்

மும்பை டப்பாவாலாக்கள் 1890 முதல் இந்த ஊரில் சோறு சுமக்கிறார்கள். வீட்டு வாசலில் டப்பாவை வாங்குபவர் வேறு, ரயிலில் ஏற்றுபவர் வேறு, அலுவலக மாடியில் கொண்டுபோய் வைப்பவர் வேறு. யாரும் யாரையும் கேட்பதில்லை. எந்த ஸ்டேஷனில் இறக்க வேண்டும், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்பதெல்லாம் மூடியிலேயே எழுத்தும் எண்ணும் நிறமுமாகத் தீட்டியிருக்கும். நடைமேடையில் நின்று ஒருவர் "எல்லா டப்பாவும் சர்ச்கேட்டுக்கு!" என்று கத்தினால் அதுதான் எல்டி_லைப்ரரி_பாத். மூடியில் தீட்டியிருப்பது ஆர்பாத்.

லிங்க் செய்யும்போது ஜிசிசிக்கு மைனஸ் டபிள்யூஎல், காற்புள்ளி, மைனஸ் ஆர்பாத், காற்புள்ளி, அதையடுத்து பாதை என்று இடைவெளி விடாமல் கொடுத்தால், அந்தப் பாதை நிரலுக்குள் எழுதப்படும். மைனஸ் பெரிய எல்லையும் கூடவே தர வேண்டும், மறக்காதீர்கள். அது லிங்கருக்கு, இது லோடருக்கு. பாதைக்குப் பதில் $ஆரிஜின் என்று எழுதினால் "இந்த நிரல் எந்த டைரக்டரியில் இருக்கிறதோ அந்த டைரக்டரி" என்று பொருள். $ஆரிஜின்/../லிப் என்று எழுதிய மென்பொருளை முழு டைரக்டரியாகப் பென்டிரைவில் போட்டு, மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு எடுத்துப்போய், வேறு கணினியில் எந்த இடத்தில் வைத்தாலும் தன் லைப்ரரிகளைத் தானே கண்டுகொள்ளும்.

டாலர் குறியை ஷெல் விழுங்கிவிடும் என்பதால் ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள். மேக்ஃபைலில் டாலரை இரண்டு முறை போடுங்கள். எழுதியது உள்ளே போனதா என்று ரீட்எல்ஃப் மைனஸ் டி (இந்த டி டைனமிக் என்பதன் முதல் எழுத்து) சொல்லும். ரன்பாத் என்ற வரியில் $ஆரிஜின் இல்லாமல் /../லிப் மட்டும் இருந்தால் ஷெல் விழுங்கிவிட்டது.

அந்த வெளியீட்டில் ஆர்பாத் என்று வராமல் ரன்பாத் என்று வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உபுண்டு உட்பட இன்றைய விநியோகங்கள் பலவற்றில் மைனஸ் ஆர்பாத் எழுதுவது ரன்பாத்தைத்தான். இரண்டுக்கும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. ஒன்றை வரிசையில் பார்த்தோம்: ரன்பாத் எல்டி_லைப்ரரி_பாத்துக்குப் பின்னால் வரும், ஆகவே சோதனைக்காக வெளியிலிருந்து மாற்றிப் பார்க்க முடியும். இன்னொன்றுதான் ஆளைக் கவிழ்க்கும். ரன்பாத் அந்த நிரலின் நேரடித் தேவைகளுக்கு மட்டுமே செல்லும். உங்கள் நிரலுக்கு டெஸராக்ட் தேவை, டெஸராக்ட்டுக்கு லெப்டானிகா தேவை, இரண்டு லைப்ரரிகளும் /ஆப்ட்/மலர்/லிப் டைரக்டரியில் இருக்கின்றன என்று வையுங்கள். நிரலின் ரன்பாத்தை வைத்து டெஸராக்ட் கிடைத்துவிடும். லெப்டானிகாவைத் தேடும்போது நிரலின் ரன்பாத்தை லோடர் பார்க்காது, லிப்டெஸராக்ட்டுக்குள் எழுதிய ரன்பாத்தைப் பார்க்கும். அங்கே எதுவும் இல்லையென்றால், பக்கத்திலேயே கிடக்கும் லெப்டானிகாவை இல்லை என்று சொல்லும். ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் அதன் விலாசம் வேண்டும். லைப்ரரிகளைக் கட்டும்போதும் $ஆரிஜின் என்று ரன்பாத் எழுதிவிடுங்கள்.

சிமேக் பயன்படுத்துகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை. கட்டும் டைரக்டரியில் இருக்கும்வரை அது தானாகவே ஆர்பாத் எழுதி வைக்கும், அழகாக ஓடும். நிறுவும்போது அதை அழித்துவிடும். கட்டிய இடத்தில் ஓடியது, நிறுவியபின் ஓடவில்லை என்றால் இதுதான். சிமேக்_இன்ஸ்டால்_ஆர்பாத் என்ற மாறியில் நீங்கள் விரும்பும் பாதையைச் சொல்லுங்கள். மூல நிரல் இல்லாத, ஏற்கெனவே கட்டி முடித்த நிரலுக்குப் பேட்ச்எல்ஃப் என்ற கருவி இருக்கிறது. மூடியைச் சுரண்டிப் புது விலாசம் தீட்டும்.

மேக், விண்டோஸ் பற்றிக் கேட்பார்கள். மேக்கில் லைப்ரரியின் முழுப் பாதையே நிரலுக்குள் எழுதப்படும், @ஆர்பாத் என்று தொடங்கினால் தேடும். அங்கே எல்டி_லைப்ரரி_பாத்துக்கு இணையான டிஒய்எல்டி மாறியை, 2015-இல் வந்த எல் கேப்பிடன் முதல், சிஸ்டத்தின் பாதுகாக்கப்பட்ட நிரல்கள் வழியாகக் கடத்த முடியாது. விண்டோஸில் நிரல் இருக்கும் டைரக்டரியில் டிஎல்எல்லை வைத்துவிடுங்கள், பெரும்பாலும் அது போதும்.

கண்டுபிடிக்கும் கருவிகள்

எல்டிடி எந்தெந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று காட்டும், கிடைக்காததற்கு நேரே "நாட் ஃபவுண்ட்" என்று எழுதும். ஆனால் அது சில சமயம் நிரலையே ஓட்டிப் பார்ப்பதால், நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த நிரலுக்கு ரீட்எல்ஃப் மைனஸ் டி மட்டும் போடுங்கள். இவை இரண்டிலும் புரியவில்லை என்றால், கட்டளைக்கு முன்னால் எல்டி_டீபக்=லிப்ஸ் என்று ஒட்டி ஓட்டுங்கள். லோடர் எந்தப் பெயரை எந்த டைரக்டரியில் எந்தக் காரணத்தால் தேடியது, எங்கே கிடைத்தது என்று ஒவ்வொரு அடியாகச் சொல்லும். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் மென்பொருள் வேறு இல்லை.

லினக்ஸும் சி மொழியும் இன்னும் பிடிபடாதவர்கள் பவாய் ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களைப் பாருங்கள். சின்னச் சின்னக் காணொளிகள், தமிழ்க் குரலிலும் உண்டு.

பையன் பிறகு தான் நிறுவியதை எல்லாம் அழித்துவிட்டு, /ஆப்ட்/மலர் என்ற டைரக்டரிக்குள் லெப்டானிகாவையும் டெஸராக்ட்டையும் ரன்பாத் எழுதி மறுபடி கட்டினான். /யூஎஸ்ஆர்/லோக்கலைத் தொடவில்லை, எல்டிகான்ஃபிக்கை ஓட்டவில்லை, எந்த மாறியையும் எக்ஸ்போர்ட் செய்யவில்லை. ஏபிடியின் டெஸராக்ட் தன் வழியில், இவனுடையது இவன் வழியில். முதல் முறை அவன் விட்ட சுடோ எல்டிகான்ஃபிக் என்ற அந்த ஒரு வரி, டெஸராக்ட்டின் நிறுவல் குறிப்பிலேயே மேக் இன்ஸ்டாலுக்கு அடுத்த வரியாக இருக்கிறது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உதவி கேட்கும்போது திரையை மொபைலில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பிழைச் செய்தியின் முழு வரி, அந்த நிரலுக்கு ரீட்எல்ஃப் மைனஸ் டி தந்த வெளியீடு, எல்டி_டீபக்=லிப்ஸ் தந்த வெளியீடு, இவை மூன்றையும் எழுத்தாக அனுப்புங்கள். சேகரித்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடுகிறது, செய்தி எனக்கு வருவதே இல்லை.